மருந்துக்கு முன்னால் மூன்று வாரம்

நுரையீரலைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு இரண்டு அடுக்கு. நடுவில் சில கரண்டி திரவம்தான் இருக்கும். மூச்சு இழுக்கும்போது அடுக்குகள் உரசாமல் வழுக்கிப்போக அது போதும். அம்மாவுக்கு அந்த இடத்திலிருந்து ஒரே தடவையில் ஒன்றேகால் லிட்டர் எடுத்தார்கள். நன்னாரி சர்பத் நிறம். மாமாவும் நானும் அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

தை மாதம், சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். கார்த்திகையில் தொடங்கிய இருமலுக்கு முதலில் கஷாயம், அப்புறம் ஆன்டிபயாடிக், அப்புறம் காசநோயாக இருக்குமோ என்று சளிப் பரிசோதனை. அந்தச் சந்தேகத்தைத் தப்பு சொல்ல மாட்டேன். நம் நாட்டில் நுரையீரலில் நீர் கோத்தால் முதலில் தேட வேண்டியது அதைத்தான். ஆனால் காசநோய் நீர் பெரும்பாலும் வைக்கோல் நிறத்தில் இருக்கும். ரத்தம் கலந்து வந்தால் யோசனையை மாற்ற வேண்டும்.

நீரில் புற்றுச் செல்கள் இருந்தன. அப்படி இருந்துவிட்டால், கட்டி எலுமிச்சம்பழ அளவே ஆனாலும் கணக்குப்படி அது நான்காம் நிலை. அறுத்து மொத்தமாக எடுத்துவிடும் கட்டம் தாண்டிவிட்டது என்று அதற்குப் பொருள். எத்தனை நாள் என்பது அந்த எண்ணுக்குள் இல்லை. நாங்கள் மட்டும் அதைத்தான் அதில் படித்தோம்.

"அம்மாவுக்குப் பீடி, சுருட்டுப் பழக்கம் உண்டா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், ஊரிலும் கேட்டார்கள். கிடையாது. முப்பது வருஷம் விறகடுப்புப் புகையில் நின்றவள். வீட்டுக்குள் எரியும் விறகுப் புகையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 'புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு அதிகம்' என்ற வகையில் வைத்திருக்கிறது. வெளிக்காற்று மாசை 2013இல் உறுதியான காரணிகளோடு சேர்த்தது. ஆனாலும் ஒரு தனி ஆளுக்கு இதனால்தான் வந்தது என்று விரல் நீட்ட முடியாது. புகைக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் வேறொரு விஷயம் கவனிக்கத்தக்கது. ஒரே ஒரு மரபணுப் பிழை மொத்த நோயையும் ஓட்டிக்கொண்டிருக்கும் வாய்ப்பு அவர்களிடம் கூடுதல்.

மாமா அன்றைக்கே கீமோ ஆரம்பிக்கச் சொன்னார். டாக்டரோ, "பிளாக்கை டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம், ரெண்டு மூணு வாரம் ஆகும்" என்றார். "நாலாம் ஸ்டேஜ்ங்கறான், மூணு வாரம் சும்மா இருங்கறான்" என்று மாமா நடைக்கூடத்தில் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. எனக்கும் அது அலட்சியமாகத்தான் தெரிந்தது. இப்போது கேட்டால், அம்மாவுக்கு நாங்கள் செய்த பெரிய உதவி அந்த மூன்று வாரத்தைக் கெடுக்காமல் விட்டதுதான் என்பேன்.

பிளாக் என்பது மெழுகுக் கட்டி. ஊசி வழியே எடுத்த சதைத் துணுக்கையோ, எடுத்த நீரை வேகமாகச் சுற்றி அடியில் படியவைத்த செல்களையோ பதப்படுத்தி மெழுகில் பதிப்பார்கள். பிறகு அதைத் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய ஏடுகளாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டினால் ஸ்லைடு. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போனால் முதலில் கேட்பது, "பிளாக், ஸ்லைடு கொண்டுவந்தீங்களா?" என்றுதான். ரிப்போர்ட்டை மட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டுத் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தத் துணுக்கு ஒரு நெல்மணி அளவுகூட இருக்காது. சோதனைக்குச் சோதனை சீவிச் சீவிக் காலியாகிவிடும். எலும்பிலிருந்து எடுத்த துணுக்கு என்றால், அதை இளக்குகிற அமிலத்திலேயே டி.என்.ஏ. சிதைந்துபோகலாம். அதனால் எதை முதலில் தேடுவது என்று டாக்டர்கள் யோசித்துச் செலவழிக்கிறார்கள். ஊசி குத்தினால் நோய் பரவும் என்று அத்தை பயந்தாள். நான்காம் நிலையில் அது ஏற்கனவே ரத்தத்தில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஊசியின் தயவு அதற்குத் தேவையில்லை.

சரி, அந்தத் துணுக்கில் என்ன தேடுகிறார்கள்?

செல்லின் மேலுறையில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்றொரு புரதம் ஊன்றி நிற்கிறது. தலை வெளியே, வால் உள்ளே. வளரச் சொல்லும் செய்தி வெளியிலிருந்து வந்து தலையைத் தொட்டதும் இரண்டு புரதங்கள் ஜோடி சேரும். உள்பக்கம் ஏ.டி.பி. என்ற மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டைப் பிடுங்கி வாலில் ஒட்டிக்கொள்ளும். அதுதான் 'பெருகு' என்ற உத்தரவு. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் தண்ணீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிற மாதிரி, அந்த உத்தரவு அங்கிருந்து முக்கியமாக மூன்று தடங்களில் செல்லுக்குள் இறங்குகிறது.

இதைப் பம்புசெட்டாக நினைத்துக்கொண்டால் எனக்குப் புரிகிறது. ஏ.டி.பி.தான் கரண்ட். கரண்ட் இருந்தாலும் சுவிட்சைத் தட்டினால்தான் மோட்டார் ஓடும். இந்தப் புரதத்தில் 1,210 அமினோ அமிலங்கள். அதில் 858ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் ஆர்ஜினின் வந்து உட்கார்ந்தால் போதும், சுவிட்ச் ஒட்டிக்கொண்டுவிடும். டி.என்.ஏ.வில் மாறியது ஒரே ஓர் எழுத்து. கொல்லையில் ஆளே இல்லை, வயல் நிரம்பி வரப்பு உடைகிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஜெஃபிடினிப் போன்ற மாத்திரைகள் போய் உட்காருவது ஏ.டி.பி. உட்காரும் பள்ளத்தில். பியூஸ் கேரியரில் கம்பிக்குப் பதில் மரத்துண்டைச் செருகிவைத்த மாதிரி. சுவிட்ச் ஒட்டியே கிடக்கட்டும், கரண்ட் போகாது. பிழையுள்ள புரதத்தில் மரத்துண்டு இறுக்கமாகப் பொருந்தும்; சரியான புரதத்தில் அவ்வளவு பொருந்தாது. ஓரளவு பொருந்துவதால்தான் தோலில் பரு, வயிற்றுப்போக்கு, நகச்சுத்து எல்லாம் வருகின்றன. அந்த இடங்களிலும் இதே புரதம் வேலை செய்கிறது.

2009இல் வெளிவந்த ஐபாஸ் ஆய்வு, ஜெஃபிடினிப்பையும் கீமோவையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தது. பிழை இருந்தவர்களில் நூற்றுக்கு 71 பேருக்கு மாத்திரையில் கட்டி சுருங்கியது. பிழை இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு. அவர்களுக்குக் கீமோவே எவ்வளவோ மேல். நோயின் பெயர் ஒன்று, நிலை ஒன்று, மாத்திரை ஒன்று; பலன் மட்டும் வேறு. பயிர் மஞ்சளாகிறது என்றதும் யூரியாவை அள்ளிப் போட எந்த விவசாயியும் அவசரப்பட மாட்டான். துத்தநாகக் குறையா, வேர் அழுகலா, துங்ரோவா என்று குனிந்து பார்ப்பான். இதை இப்படிச் சொன்ன பிறகுதான் மாமா அடங்கினார்.

இந்தியாவில் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில், ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கோ மூன்றில் ஒருவருக்கோ ஈ.ஜி.எஃப்.ஆர். பிழை இருக்கிறது. ஏ.எல்.கே., ராஸ்1 போன்ற வேறு பிழைகள் அதைவிடக் குறைவு. அவற்றுக்கும் தனித்தனி மாத்திரை உண்டு. ஒரு பிழையை மட்டும் தேடும் சோதனை சில நாளில் வந்துவிடும். பல மரபணுக்களை ஒரே ஓட்டத்தில் படிக்கும் என்.ஜி.எஸ். சோதனைக்குத்தான் வாரக்கணக்கு. சதை போதாவிட்டால் கட்டியிலிருந்து கசிந்து ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ.வையும் படிக்கலாம். அதில் 'இருக்கிறது' என்று வந்தால் நம்பலாம். 'இல்லை' என்று வந்தால் முழுசாக நம்பக் கூடாது.

காத்திருக்காமல் எதையாவது தொடங்கினால் என்ன? சென்னையிலிருக்கும் சித்தப்பா மகன், உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றின் மேல் ஏவிவிடும் இம்யூனோதெரபி பற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தான். அது நல்ல மருந்துதான். அதன் அடிப்படையைக் கண்டவர்களுக்கு 2018இல் நோபல் கிடைத்தது. ஆனால் ஈ.ஜி.எஃப்.ஆர். பிழை உள்ளவர்களிடம் அது பெரும்பாலும் எடுபடுவதில்லை. அதை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு ஓசிமெர்டினிப் என்ற புதிய மாத்திரைக்குப் போனால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்தும் கூடுகிறது. முறைப் பாசனத்தில் முறை தவறினால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது அல்ல. மூச்சுத் திணறலுக்கு நீரை வடிப்பது, வலிக்கு மருந்து, தலைக்கு எம்.ஆர்.ஐ. எல்லாம் அந்த வாரங்களிலேயே நடந்தன. ஆள் வேகமாகச் சரிந்துகொண்டிருந்தால் கீமோவைத் தொடங்கிவிட்டுச் சோதனை முடிவைச் சேர்த்துக்கொள்வதும் உண்டு.

பத்தொன்பதாம் நாள் ரிப்போர்ட் வந்தது. 858ஆம் இடத்துப் பிழை.

மாத்திரை இந்த நோயை வேரறுக்காது. ஜெஃபிடினிப் போன்ற பழைய மாத்திரைகள் எடுபடாமல் போனவர்களில் பாதிப் பேருக்கு மேல், 790ஆம் இடத்தில் புதுப் பிழை விழுந்து பியூஸ் கேரியரின் வாய் மாறிவிடும், மரத்துண்டு நிற்காது. ஓசிமெர்டினிப்பை அதற்காகவே வடிவமைத்தார்கள். 797ஆம் இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிரந்தரமாகப் பிணைந்துகொள்கிறது. அதையும் புற்று ஒருநாள் தாண்டும். சில சமயம் பக்கத்துக் கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்ட் இழுப்பதுபோல் மெட் என்ற வேறொரு புரதம் வழியே.

556 பேரிடம் நடந்த ஃபிளாரா ஆய்வில், நோய் மறுபடி வளரும்வரை கிடைத்த காலம் ஓசிமெர்டினிப்புக்கு 18.9 மாதம், பழைய மாத்திரைகளுக்கு 10.2. இது இடைநிலை எண். பாதிப் பேருக்கு அதற்கு முன்னால் வளர்ந்தது, மீதிப் பாதிக்கு அதற்கும் பிறகு, சிலருக்கு வெகு பிறகு. தங்கை அதைக் கேட்டதும் விரல் மடக்கி மாதம் எண்ண ஆரம்பித்தாள். அந்த எண்ணில் அம்மாவின் தேதி இல்லை என்று அவளுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாலை முழுக்கத் தேவைப்பட்டது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஜெஃபிடினிப்புக்கு இந்தியத் தயாரிப்புகள் வந்து விலை இறங்கிவிட்டது. ஓசிமெர்டினிப்பின் சுங்க வரியை 2024 பட்ஜெட்டில் நீக்கினார்கள். இருந்தும் விலை அதிகம்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்த மருந்து அதில் சேரும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

அடுத்து ஒரு தேர்வு மிச்சமிருந்தது, அதை எந்த ரிப்போர்ட்டும் சொல்லாது. மாத்திரையோடு கீமோவையும் சேர்த்தால் பலன் கூடுகிறது. ஜெஃபிடினிப்போடு கீமோவைச் சேர்த்து மும்பை டாடா மருத்துவமனை நடத்திய ஆய்வில், நோய் மறுபடி வளரும்வரை கிடைத்த காலம் 8 மாதத்திலிருந்து 16 ஆனது. ஓசிமெர்டினிப்போடு சேர்த்த ஆய்வில் மொத்த ஆயுளின் இடைநிலை 37.6 மாதத்திலிருந்து 47.5 ஆனது. அதற்குக் கொடுக்கும் விலை: மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸ், சோர்வு, ரத்த அணுக்கள் குறைவது, அடிக்கடி தஞ்சாவூர்ப் பயணம்.

இதை அம்மாவிடம் எப்படிக் கேட்பது? அவளிடம் நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்று மாமா எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அம்மாவே முடித்துவைத்தாள். "வார்டு வாசல்ல போர்டு இருக்கே, எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

டாக்டர் அவளிடமே பேசினார். நோய் மூளைக்குப் போகவில்லை, அதனால் மாத்திரையோடு மட்டும் தொடங்குவதும் நியாயமான வழிதான் என்றார். கூடவே வலிநிவாரணப் பிரிவிலும் பெயர் பதியச் சொன்னார். மாமாவின் முகம் சுருங்கியது. அது டாக்டர்கள் கைவிட்ட நோயாளிகளுக்கானது என்பது பொது நினைப்பு. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்கள் 151 பேரில் ஒரு பாதிக்கு ஆரம்பத்திலிருந்தே அந்தக் கவனிப்பையும் சேர்த்தார்கள். அவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, ஆயுளும் 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம் என்று நீண்டது. இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வருகிறார்.

அம்மா கேட்டது ஒரே கேள்வி. "எத்தனை தடவை பஸ் ஏறணும்?" கணக்கைக் கேட்டுவிட்டு, "மாத்திரை மட்டும் போதும். குறுவைக்கு நாத்து விடறப்ப நான் வீட்ல இருக்கணும்" என்றாள். நான் கீமோவையும் சேர்க்கலாம் என்ற கட்சி. தோற்றேன். இன்னும் எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் பஸ் ஏற வேண்டியது அவள்தான்.

ஆவணி பிறந்துவிட்டது. நீர் மறுபடி கோக்கவில்லை, கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது. இரண்டு கட்டைவிரலிலும் நகச்சுத்து. பூக் கட்ட முடியவில்லை என்று செவிலியரிடம் தினமும் புகார். தங்கை கட்டும் சரம் நெருக்கமாக இல்லையாம். அடுத்த ஸ்கேன் ஐப்பசியில்.