சாம்பிளை எங்கே வைத்திருந்தீர்கள்?

பினாங்கின் பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துவிட்டு மேல்படிப்புக்கு வரும் தம்பி, தங்கைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஈரம் பட்டால் கெடும் சிப்பை அங்கே டிரை கேபினட்டில் (ஈரம் நீக்கிய அலமாரியில்) பூட்டிப் பழகியவர்கள், இங்கே ஆய்வகத்துக்கு வந்ததும் மூன்றே அணு தடிமனுள்ள ஒற்றை அடுக்குப் படிகத்தை மேசைமேல் சாதாரண டப்பாவில் வைத்துவிடுகிறார்கள். பினாங்குக் காற்றின் ஈரம் தெரிந்ததுதானே! மாலிப்டினம் டைசல்ஃபைடு, டங்ஸ்டன் டைசல்ஃபைடு போன்ற ஒற்றை அடுக்குகள் திறந்த காற்றில் சில மாதங்களிலேயே ஆக்சிஜன் ஏறிக் கெட ஆரம்பிக்கும்.

புதிய சாம்பிளிலும் குறை உண்டு. சில நூறு கந்தக இடங்களுக்கு ஒன்று காலியாக இருப்பது சாதாரணம். அந்தக் காலி இடத்தில் ஆக்சிஜன் வந்து உட்கார்ந்தால், நுண்ணோக்கியில் ஏறக்குறைய அதே பள்ளம்தான் தெரியும், ஆனால் ஆற்றல் இடைவெளிக்குள் (குறையில்லாத படிகத்தில் எலெக்ட்ரான் இருக்க முடியாத ஆற்றல் பகுதிக்குள்) இருந்த எலெக்ட்ரான் நிலைகள் மறைந்துவிடும். ஆக, படத்தை மட்டும் பார்த்து 'இது அணு இல்லாத காலி இடம்' என்று முடிவு கட்டாதீர்கள்.

போன வருடம் ஒரு தம்பி இதே வகைப் பொருளான டங்ஸ்டன் டைசெலினைடின் ஒற்றை அடுக்கை 4 கெல்வினுக்குக் குளிர்வித்து 9 டெஸ்லா காந்தப்புலத்தில் அளந்தார். அது உமிழ்ந்த ஒளியின் நிறமாலையில் ஒரு கோடு இரண்டாகப் பிரிந்த இடைவெளி 4 மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டியிருந்தது. வழக்கமான எக்ஸைட்டானின் (எலெக்ட்ரானும் அது விட்டுச்சென்ற 'துளை'யும் சேர்ந்த ஜோடியின்) கோடு டெஸ்லாவுக்குச் சுமார் 0.23 மில்லி எலெக்ட்ரான் வோல்ட்தான் பிரியும், 9 டெஸ்லாவில் 2 சொச்சம். இருமடங்கு வந்த சந்தோஷத்தில் கட்டுரை எழுதவே உட்கார்ந்துவிட்டார், நான்தான் நிறுத்தச் சொன்னேன்.

அந்தக் கோடு மயிரிழை போல மெலிசு, ஆற்றலில் வழக்கமான எக்ஸைட்டானுக்குக் கீழே இருந்தது, லேசரைக் கூட்டினால் ஓர் அளவுக்கு மேல் வெளிச்சம் ஏறவில்லை. காந்தமே போடாதபோதும் சுமார் 0.7 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் பிரிந்து நின்றது. குறையில் சிக்கிய எக்ஸைட்டானின் அடையாளங்கள் இவை. படிகத்தில் சுதந்திரமாகத் திரியும்போது எக்ஸைட்டான் ஏதோ ஒரு பள்ளத்தாக்கைச் சேர்ந்தது (எலெக்ட்ரான் தங்கும் இரண்டு குறைந்த ஆற்றல் நிலைகளுக்கு அப்படிப் பெயர்), அதனால் இடச்சுழி, வலச்சுழி ஒளி தனித்தனியாக வரும். சின்ன இடத்தில் அடைபட்டால் இரண்டு பள்ளத்தாக்கும் கலக்கும், அப்புறம் அந்த விதி பிடிக்காது.

குறை என்றாலே கெடுதல் என்று நான் சொல்லவில்லை. இதே பொருளில் இப்படிச் சிக்கிய எக்ஸைட்டான் ஒவ்வொரு ஒளித்துகளாக வெளியிடுவதை 2015இல் பல குழுக்கள் காட்டின. எதை அளக்கிறோம் என்று தெரிந்து அளக்க வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

புதிதாக உரித்த அடுக்கை காற்றுப் படாமல் காக்கும் இரண்டு போரான் நைட்ரைடு தாள்களுக்கு நடுவே வைத்து மறுபடி அளந்தோம். எக்ஸைட்டானின் பிரிவு 2 மில்லி எலெக்ட்ரான் வோல்ட்டில் வந்து நின்றது. தம்பி பழைய கோட்டைத் தூக்கிப் போடவில்லை, அதை மட்டும் தனியாக இப்போது ஆராய்கிறார்.