மருத்துவமனையிலிருந்து தகவல் கசிந்தால் நோயாளிக்குக் கிடைப்பது அபராதமா, இழப்பீடா?

கோவையின் பெரிய மருத்துவமனைகளுக்கு நீலகிரியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவர்கள் கொடுக்கும் ஆதார் நகல், கைப்பேசி எண், இரத்தப் பரிசோதனை முடிவு, ஸ்கேன் படம் எதுவும் மருத்துவரின் மேசையோடு நின்றுவிடுவதில்லை. லேப், ஸ்கேன் சென்டர், காப்பீட்டுப் பிரிவு, பில் போடும் மென்பொருளை நடத்தும் நிறுவனம், ரிப்போர்ட் அனுப்பும் வாட்ஸ்அப் எண் என்று பல கைகளுக்கு அவை போகின்றன. இவற்றுள் எங்கே ஓட்டை விழுந்தாலும் அடிபடுபவர் நோயாளிதான்.

நுகர்வோர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில், இத்தகைய கசிவுக்குப் பின் என்னிடம் வருபவர்களிடம் ஒரு தவறான நம்பிக்கையைத் தொடர்ந்து காண்கிறேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு, அதில் ஒரு பங்கு தமக்கு வரும் என்று எண்ணுகிறார்கள். அந்த அபராதம் முழுவதும் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்கே போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர அந்தச் சட்டத்தில் வழி இல்லை. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கால வரிசைப்படி, கசிவை நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை உள்ளிட்ட முக்கியப் பிரிவுகள் 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வருகின்றன.

அதுவரை உயிரோடிருப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. மருத்துவப் பதிவுகளை அச்சட்டத்தின் கீழான 2011ஆம் ஆண்டு விதிகள், கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டிய நுண்ணிய (சென்சிட்டிவ்) தகவல் என்றே வகைப்படுத்துகின்றன. அவற்றைக் கணினியில் வைத்திருப்பவர் உரிய பாதுகாப்புச் செய்யத் தவறி, அதனால் ஒருவருக்கு இழப்பு நேர்ந்தால் ஈடு தர வேண்டும். பெரிய மருத்துவமனை மட்டுமல்ல, ஒரே மருத்துவர் நடத்தும் கிளினிக்கும் இதற்குள் வரும். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிப்பார். புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும் அதே நாளில் இந்த 43ஏ பிரிவு நீக்கப்படுகிறது. நோயாளிகளுக்கு இது பெரிய பின்னடைவு என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் 43ஏ பிரிவு கேட்பது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. கசிந்த விவரத்தைச் சொல்லி ஓடிபி வாங்கிக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்திருந்தால் அதைக் காட்டுவது எளிது. குழந்தைப்பேறு சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், தம் ரிப்போர்ட் உறவினர்களின் கைப்பேசிக்குப் போய்விட்டதைச் சொல்லும்போது, “பணம் ஒண்ணும் போகலீங்க, ஆனா ஊருக்குள்ள பேச்சாயிருச்சுங்க” என்றார். வங்கிக் கணக்கில் தெரியாத இந்தச் சேதத்துக்கு நுகர்வோர் ஆணையமே பொருத்தமான இடம் என்று கருதுகிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நம்பிக்கையின் பேரில் தரப்பட்ட தனிப்பட்ட தகவலைச் சட்டத்துக்கு மாறாகப் பிறருக்கு வெளியிடுவதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. வெளியார் திருடிச் சென்றதாக மருத்துவமனை சொன்னாலும், காக்கத் தவறியதைச் சேவைக் குறைபாடு என்று வாதிட முடியும். மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கலாம். மருத்துவமனை கோவையில் இருந்தாலும், நாமக்கல்லில் வசிப்பவர் நாமக்கல் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாயைத் தாண்டவில்லை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை.

எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரமாட்டா என்று 1995இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதை நினைத்துக்கொண்டு திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை மீதும் வழக்குப் போட முடியாது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை தருவது சந்தாவுக்கு ஈடான சேவை என்பதை 2007இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்படுபவர் இலவச நோயாளி அல்லர்.

எச்.ஐ.வி. நிலை, மனநல சிகிச்சை, கருக்கலைப்பு ஆகிய மூன்றுக்கும் தனிச் சட்டங்களில் கூடுதல் பாதுகாப்பு உண்டு. கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் அடையாளத்தைச் சட்டம் அனுமதித்தவர் அல்லாத ஒருவருக்கு வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். இத்தகைய வழக்குகளில் நோயாளியின் பெயரை மறைத்து நடத்தும்படி தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை, மருத்துவமனைக்கு எழுத்து மூலம் கேள்வி கேட்பதுதான். என் தகவல்களில் எவை கசிந்தன, எந்த நாளில், யாருடைய கணினியிலிருந்து, அதன்பின் நீங்கள் செய்தது என்ன என்று விரைவு அஞ்சலில் கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கூடவே உங்கள் மருத்துவப் பதிவுகளின் நகலையும் கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகளின்படி அதை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பணம் பறிபோயிருந்தால் இவை எதற்கும் காத்திராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். அடுத்த பரிசோதனை இலவசம் என்று சொல்லி, இனிக் கோரிக்கை எதுவும் இல்லை என்ற தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ஆணையத்தில் வழக்குத் தொடுக்க, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்தான் அவகாசம். கசிவை எந்த நாளில், எந்தச் செய்தியின் மூலம் அறிந்தீர்கள் என்பதை நாள் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டாகவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.