எந்தக் கையால் கம்பியைப் பிடித்து இறங்குகிறீர்கள்?

ஸ்டாப்பிங் வருவதற்குள் பஸ் மெதுவாகிறது. வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர்தான் இருக்கும், ஓடிவந்தே பிடித்துவிடலாம். "இங்கேயே இறங்கிக்கிறேன்" என்று ஒருவர் கடைசிப் படியில் கால் வைக்கிறார். பத்தில் ஒன்பது முறை ஒன்றும் ஆகாது. அந்த மீதி ஒரு முறை என்ன நடக்கிறது என்பது பெரும்பாலும் அவர் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதைப் பொறுத்தது.

கால் தரையைத் தொட்டதும் நின்றுவிடும். இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு பஸ்ஸின் வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் நிலைமம் என்று படித்தது இதுதான். விழாமல் இருக்க வேண்டுமானால் அடுத்த காலை உடம்பு போகும் திசையில் போதுமான தூரம் எட்டி வைக்க வேண்டும். எவ்வளவு தூரம்? உடம்பின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதால், வேகத்தை 0.32 நொடியால் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். சாதாரண நடை வேகமான 5 கி.மீ.க்கு 44 செ.மீ.; அதை யோசிக்காமலே செய்கிறோம். 10 கி.மீ.க்கு 90 செ.மீ. அளவுக்கு ஒரு பெரிய எட்டு. 20 கி.மீ. என்றால் 1.77 மீட்டர், ஒரே எட்டில் முடியாது, நாலைந்து அடி ஓடித்தான் நிற்க முடியும்.

இந்தக் கணக்கு முன்னோக்கி எட்டு வைப்பவருக்கு. அதே 90 செ.மீ.யைப் பின்னால் எட்டி வைக்கச் சொன்னால்? நின்ற இடத்தில் முயன்று பாருங்கள். அதைச் சேலையோடு, அரை நொடிக்குள் செய்ய வேண்டும்.

பஸ் போகும் திசைக்கு முதுகு காட்டி யாராவது இறங்குவார்களா என்று கேட்கலாம். நிறையப் பேர் இறங்குகிறார்கள், தெரியாமலே. நம் ஊர் பஸ்ஸில் வாசல் இடப்பக்கம். வெளியே பார்த்து நின்றால் பஸ்ஸின் முன்பக்கம் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். வலக்கையால் முன்கம்பியைப் பிடித்து இறங்கினால் உடம்பு தானாக முன்பக்கம் திரும்பும். வலக்கையில் காய்கறிப் பை இருந்தால்? இடக்கை பின்கம்பிக்குப் போகும், உடம்பு பின்பக்கம் திரும்பும். கால் தரையில் பட்டதும் ஆள் மல்லாக்க விழுவார். கையை விடாதவரை கம்பியும் அவரைப் பஸ் பக்கமாகவே இழுக்கும். பாடப்புத்தகங்கள் நிலைமத்துக்குப் பஸ்ஸைத்தான் உதாரணம் காட்டும். பை எந்தக் கையில் என்று ஒரு புத்தகமும் கேட்பதில்லை.

முன்னால் விழுபவருக்குக் கை தானாக நீளும். மணிக்கட்டு உடையலாம், முட்டி தேயலாம், தலை பெரும்பாலும் தப்பும். மல்லாக்க விழுபவருக்கு அந்தத் தடுப்பு இல்லை. 165 செ.மீ. உயரமுள்ளவர் மரம் சாய்வது போல விறைப்பாகச் சாய்ந்தால், தலை தரையில் படும்போது அதன் வேகம் மணிக்கு 25 கி.மீ. இருக்கும். இது பஸ் கொடுத்த வேகம் இல்லை, வெறும் உயரம் கொடுத்தது. அதனால்தான் "பஸ் மெதுவாத்தான் போச்சு" என்பதில் பெரிய ஆறுதல் இல்லை. இன்னொரு விசித்திரம்: அடி படுவது பின்மண்டையில், ஆனால் மூளை அதிகம் நசுங்குவது பல நேரம் நெற்றிப் பக்கம். மண்டையோடு நின்ற பிறகும் உள்ளே மூளை நகர்கிறது. முன்பக்கத்தில் மண்டையோட்டின் அடித்தளம் கரடுமுரடானது, அதில் உராய்ந்து ரத்தம் கட்டுகிறது. வெளியே ஒரு சின்ன வீக்கம் மட்டும் தெரியும்.

அப்புறம் பின்சக்கரம். முன்வாசலிலிருந்து அது நான்கு மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 10 கி.மீ. வேகத்தில் அந்தத் தூரத்தைக் கடக்க 1.4 நொடி போதும். விழுவதற்கே கிட்டத்தட்ட ஒரு நொடி போய்விடும். வளைவில் நிலைமை இன்னும் மோசம். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போவதில்லை, உள்பக்கமாக வெட்டி வரும். இரு அச்சுகளுக்கும் இடையே 5.5 மீட்டர் உள்ள பஸ் 12 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் ஏறக்குறைய 1.3 மீட்டர் உள்ளே வரும். இடப்பக்கம் திரும்பும்போது அந்த உள்பக்கம்தான் வாசல் பக்கம். பஸ் மெதுவாகும் இடம் என்று பார்த்து நாம் இறங்கத் தேர்ந்தெடுப்பதும் அதே வளைவைத்தான்!

சக்கரம் காலில் ஏறினால் எலும்பு உடைவது ஒரு பகுதி. உருளும் டயர் தோலைப் பிடித்து இழுப்பதால், தோலும் கொழுப்பும் தசையிலிருந்து பிரிந்துவிடும். மேலே கிழியாமலே உள்ளே பிரிந்திருக்கவும் கூடும். தோல் முழுசாக இருக்கிறதே என்று வீட்டுக்குப் போய்விடுபவருக்கு அந்த இடைவெளியில் ரத்தமும் நீரும் சேரும், சில நாளில் தோலே அழுகக்கூடும்.

லண்டனில் 1956 முதல் 2005 வரை வழக்கமான தடங்களில் ஓடிய ரூட்மாஸ்டர் பஸ்ஸுக்குப் பின்கோடியில் கதவில்லாத மேடைதான் வாசல். அது பின்சக்கரத்துக்கும் பின்னால் இருந்ததால், இறங்கும்போது விழுபவர் மேல் அதே பஸ்ஸின் சக்கரம் ஏற வாய்ப்பில்லை. பின்னால் வரும் வண்டி வேறு கதை. இன்றைய தானியங்கிக் கதவுகள் இந்தச் சிக்கல்களில் பலவற்றை ஒரே அடியில் ஒழிக்கின்றன. கதவு மூடாமல் வண்டி நகராது என்றால், நடத்துநர் "ரைட்" சொன்ன பிறகு தொற்றவும் முடியாது, குதிக்கவும் முடியாது.

ஆனால் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கியும் அடிபடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலின் 10ஆம் பதிப்பில், மோதலில் காயமடைந்த பஸ் பயணிகளில் ஏறும்போதோ இறங்கும்போதோ அடிபட்டவர்களுக்கென்று தனி எண்ணே உண்டு. நம் ஊரில் ஸ்டாப்பிங்கை ஷேர் ஆட்டோக்கள் அடைத்திருக்க, பஸ் நடுரோட்டில் நிற்கும். இடப்பக்கச் சந்தில் ஒரு பைக் நுழையும். 30 கி.மீ. வேகத்தில் வருபவர் சுதாரிக்க ஒரு நொடி, அதற்குள் 8 மீட்டர். பிரேக் பிடித்து நிற்க இன்னும் 6 மீட்டர். பஸ்ஸின் மொத்த நீளமே 11, 12 மீட்டர்தான். பைக் பஸ்ஸின் பின்பக்கத்தைத் தாண்டும்போது முன்வாசலில் ஒரு கால் வெளியே வந்தால், எவ்வளவு நல்ல பிரேக்கும் உதவாது. பைக்கின் ஹேண்டில்பார் நுழைய முடியாத அளவுக்கு நடைபாதையை ஒட்டி ஓட்டுநர் பஸ்ஸை நிறுத்தினால், அந்தச் சந்தே இருக்காது.