ஷேட் கார்டில் பார்த்த நிறம் சுவரில் ஏன் மாறுகிறது?

"பெட்ரூமுக்கு எந்தக் கலர் அடிச்சா மனசுக்கு அமைதியா இருக்கும் சார்?" உள் அலங்கார வேலைக்குப் போகும் வீடுகளில் பெரும்பாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். நீலம் என்று சொல்லிவிட்டு நகரலாம். ஆனால் எந்த நீலம்? மயில் கழுத்து நீலமும் நீலம்தான், கண்ணுக்கே தெரியாத வெளிர் நீலமும் நீலம்தான்.

நிறத்தின் பெயரைவிட அதன் அடர்த்தியும் வெளிச்சமும்தான் மனதை அதிகம் தொடுகின்றன. அடர்த்தி கூடினால் பரபரப்பும் கூடும். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'பச்சை என்றால் நிம்மதி, சிவப்பு என்றால் கோபம்' பட்டியலை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 1979இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு கடற்படைத் தடுப்பு அறைக்கு இளஞ்சிவப்பு அடித்து, கைதிகளின் மூர்க்கம் தணிந்தது என்றார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை.

சென்னையில் மேற்குப் பார்த்த ஒரு படுக்கையறை. நாலு சுவருக்கும் பீச் நிறம். காலையில் இதமாகத்தான் இருக்கும். மாலை நாலு மணி வெயில் ஜன்னல் வழியே விழுந்ததும் அறையே ஆரஞ்சாகிவிடும். சின்ன அறையில் எதிரெதிர் சுவர்கள் ஒன்றின் நிறத்தை இன்னொன்றின் மேல் வீசும், அதனால் ஷேட் கார்டில், அதாவது பெயிண்ட் கடையின் நிற மாதிரி அட்டையில், பார்த்ததைவிட அடர்த்தியாகவே தெரியும். "உள்ளே வந்தாலே எரிச்சலா இருக்கு" என்றார் அந்த வீட்டு அம்மா. ஜன்னல் இருக்கும் சுவரில் மட்டும் பீச்சை விட்டுவைத்தோம், அதில் நேர்வெயில் விழாது. மற்ற மூன்றுக்கும் ஆஃப் ஒயிட்.

இரவு விளக்கையும் கணக்கில் எடுங்கள். 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை டியூப் லைட்டில் சந்தன நிறம் சோகை பிடித்தது போல வெளிறும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் அதே சுவர் உயிர்பெறும். சாம்பல் நிறம் கேட்பவர்களிடம் முதலில் விளக்கைத்தான் விசாரிப்பேன்.

சாம்பிள் டப்பா வாங்கினால் பழைய சுவரில் நேராகத் தீட்டாதீர்கள், சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். வெள்ளை சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காயவிட்டு, இரண்டு சுவர்களில் மாற்றி மாற்றி ஒட்டிப் பாருங்கள். காலை, மதியம், லைட் போட்ட பிறகு என மூன்று வேளையும் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் அடர் சிவப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு அடித்துக் கொடுங்கள். படுத்த பிறகு அது அவர்கள் கண்ணில் படாது.