படத்துக்குள் மாட்டிக்கொண்ட அழைப்பிதழ்

பார்வையற்றவர்களுக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது என் வேலை. ஒருநாள் வகுப்பில் ஒருவர் தன் ஃபேஸ்புக்கைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனார். திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் படித்தது: "படம்." அடுத்த பதிவும் "படம்." அதற்கடுத்து, "எழுத்து உள்ள படமாக இருக்கலாம்." என்ன எழுத்து என்று என்னிடம் கேட்டார். பார்த்தேன். அவருடைய பழைய வகுப்புத் தோழர்கள் ஒன்றுகூடுவதற்கான அழைப்பு. தேதி, நேரம், இடம் எல்லாமே படத்துக்குள் இருந்தன. அந்தச் சந்திப்பு நடந்து முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அந்தத் தோழர்கள் அவரை ஒதுக்கவில்லை. அவர் பெயரையும் சேர்த்துத்தான் அழைத்திருந்தார்கள். படத்தில் இருந்ததை நான்கு வரியாகப் பதிவிலும் தட்டியிருந்தால் போதும், அவர் போயிருப்பார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: படத்தில் எழுத்து இருந்தால் அதையே பதிவிலும் எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டுக்கும் இதே கதைதான்.

ஐபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக், கணினியில் என்விடிஏ என்று திரைவாசிப்பான்கள் பல உண்டு. இவற்றுக்காகப் படத்தோடு சேர்த்து எழுதிவைக்கும் விவரிப்புதான் மாற்று உரை, அதாவது ஆல்ட் டெக்ஸ்ட். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் மூன்றிலும் இதற்கு இடம் இருக்கிறது. 2016 முதல் ஃபேஸ்புக் தானாகவே படத்தை விவரிக்கவும் செய்கிறது. ஆனால் இயந்திரம் "ஒருவர், சிரிக்கிறார், வெளிப்புறம்" என்கிற அளவில் நின்றுவிடும். "பட்டமளிப்பு அங்கியில் அக்கா, கண்கள் கலங்கியபடி சிரிக்கிறாள்" என்று உங்களால்தான் எழுத முடியும்.

எவ்வளவு எழுதுவது என்று பலர் தயங்குகிறார்கள். இந்தப் படத்தை ஏன் போடுகிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் காரணம் விவரிப்பில் வந்துவிட்டால் சரி. அக்காவின் பட்டத்தைக் கொண்டாடும் படத்தில் பின்னால் இருக்கும் நாற்காலிகள் தேவையில்லை. நீங்கள் நாற்காலி விற்பவராக இருந்தால் நிறம், உயரம், கைப்பிடி எல்லாம் தேவை. "இந்தப் படத்தில்" என்று தொடங்கவும் வேண்டாம். படம் என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும். வாட்ஸ்அப்பில் படத்தை அனுப்பும்போது கீழே எழுதுகிற குறிப்பிலேயே விவரத்தைச் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் எமோஜி. பத்து கைதட்டல் போட்டால் அத்தனையின் பெயரும் காதில் விழும். வாக்கியத்தின் நடுவே வந்தால் பொருளே அறுந்துபோகும். கடைசியில் ஒன்றிரண்டு இருந்தால் தொந்தரவில்லை. பெயரை அலங்கரிக்கப் பயன்படுத்தும் வளைவு ஆங்கில எழுத்துகள் பெரும்பாலும் கணிதக் குறியீடுகள். திரைவாசிப்பான் அவற்றை அப்படியே குறியீடுகளாகப் படிக்கும், அல்லது தாண்டிப் போய்விடும்.

ஹேஷ்டேக்கில் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கச் சொல்வார்கள். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. அதனால் #உலகப்_புத்தக_நாள் என்று அடிக்கோடு போட்டுப் பிரியுங்கள். கண்ணால் படிப்பவர்களுக்கும் இது சுலபம்.

வீடியோ என்றால் காது கேளாதவர்களுக்கு வசன வரிகள் வேண்டும். தானியங்கி வசனத்தை நம்பி அப்படியே வெளியிடாதீர்கள். தமிழில் வினைச்சொல்லின் கடைசியில்தான் பொருள் இருக்கிறது. "சாப்பிடலாம்" என்பது "சாப்பிடக்கூடாது" என்று விழுந்தால், மருந்து பற்றிப் பேசும் வீடியோவில் அது ஆபத்து. ஒருமுறை முழுவதும் படித்துத் திருத்துங்கள். கதவு தட்டும் ஓசை, பின்னாலிருந்து வரும் அழுகுரல் போன்றவை கதைக்கு முக்கியமென்றால் அவற்றையும் எழுதுங்கள். எழுத்து நிறமும் பின்னணியும் நன்றாக வேறுபடட்டும். வெளிர் மஞ்சளில் வெள்ளை எழுத்து என்றால் பார்வை குறைந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் மின்னும் காட்சி சிலருக்கு வலிப்பை வரவழைக்கலாம். அதைப் போடாமலே இருப்பது நல்லது.

பழைய பதிவுகள் நிறைய இருக்கின்றனவே என்று மலைக்க வேண்டாம். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏற்கெனவே போட்ட படத்துக்கும் மாற்று உரை சேர்க்கலாம். பக்கத்தின் மேலே எப்போதும் நிற்கும்படி பின் (pin) செய்து வைத்திருக்கிற பதிவிலிருந்து தொடங்குங்கள். புதிதாக வருகிறவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.