வீட்டில் டேகேர் நடத்துகிறீர்களா? அமெரிக்க வரியில் விட்டுவிடக் கூடாத கழிவு

அமெரிக்காவில் வீட்டிலேயே டேகேர் நடத்தும் நம் பெண்கள் சிலர், பொம்மை, கிரேயான் வாங்கிய ரசீதுகளை மட்டும் கழித்துவிட்டு மீதிப் பணம் முழுவதற்கும் வரி கட்டிவிடுகிறார்கள். வருமான வரி போதாதென்று 15.3 சதவீதம் சுயதொழில் வரி வேறு. பெரிய கழிவு இருப்பது வாடகை, கரண்ட், தண்ணீர், இன்சூரன்ஸ் என்று வீட்டுச் செலவில்தான்.

மற்ற தொழிலென்றால் இதைக் கழிக்க, வேலை நடக்கும் அறையைத் தொழிலுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். டேகேருக்கு அந்த நிபந்தனை இல்லை, பகலில் பிள்ளைகள் விளையாடும் ஹாலில் ராத்திரி உங்கள் குடும்பம் உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் மாநில உரிமம் இருக்க வேண்டும், அல்லது விண்ணப்பித்திருக்க வேண்டும், அல்லது உரிமமே தேவையில்லை என்று சட்டம் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, கணக்கைப் பார்ப்போம். வீடு 2,000 சதுர அடி, அதில் டேகேருக்குத் தவறாமல் பயன்படுவது 1,500 என்றால் 75 சதவீதம். பிள்ளைகள் மதியம் தூங்கும் படுக்கையறையும் இதில் சேரும். அடுத்து நேரம்: நாளைக்கு 11 மணி நேரம், வாரம் 5 நாள், 50 வாரம் என்றால் 2,750 மணி. ஆண்டின் 8,760 மணியில் இது 31.39 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் சுமார் 23.5 சதவீதம். மாதம் 2,000 டாலர் வாடகை என்றால் ஆண்டு வாடகையில் மட்டும் ஏறக்குறைய 5,650 டாலர் கழியும். இதைப் படிவம் 8829-இல் போட வேண்டும்.

அந்த 11 மணி நேரத்தில் பிள்ளைகள் இருக்கும் நேரம் மட்டும் இல்லை. காலையில் முதல் பிள்ளை வருவதற்கு முன் நீங்கள் பருப்பு சாதத்துக்குக் குக்கர் வைப்பதும், கடைசிப் பிள்ளை ஷூ மாட்டிக்கொண்டு போன பிறகு சிந்தின பாலைத் துடைத்துப் பொம்மைகளைக் கழுவுவதும் வேலைதான், தயவுசெய்து அதையும் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள்.

சதுர அடிக்கு 5 டாலர் என்ற எளிய முறையும் உண்டு, அதிகபட்சம் 300 சதுர அடி. 1,500 டாலர் கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், டேகேருக்கு அதையும் நேர விகிதத்தால் குறைக்க வேண்டும். மேலே சொன்ன வீட்டுக்குச் சுமார் 470 டாலர்தான் வரும். அவசரத்தில் இதைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

அப்புறம் சாப்பாடு. மளிகை ரசீதைப் பிரித்துக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். ஒவ்வொரு வேளைக்கும் கழிக்க ஒரு தொகை வைத்திருக்கிறது: ஒரு பிள்ளைக்கு நாளைக்குக் காலை, மதியம், இரவுச் சாப்பாடு ஒவ்வொன்று, சிற்றுண்டி மூன்று வரை. யார், எந்த நாள், எத்தனை மணி நேரம் இருந்தார், என்ன வேளை சாப்பிட்டார் என்ற குறிப்பு வேண்டும். உங்கள் சொந்தப் பிள்ளை சாப்பிட்டது இதில் சேராது.

போன ஆண்டுகளில் விட்டுப்போயிருந்தால் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டுத் திருத்தலாம், பொதுவாகத் தாக்கல் செய்து 3 ஆண்டுக்குள். ஆனால் எளிய முறையைத் தேர்ந்தெடுத்த ஆண்டுக்கு அதை மாற்ற முடியாது.