பின்னூட்டமா, விமர்சனமா?

"ஜாம் முடிந்துவிட்டது, மற்றவர்களின் கேம்களை விளையாடி விமர்சனம் அளியுங்கள்." சில நாளுக்குள் ஒரு வீடியோ கேமைச் செய்து முடிக்கிற நிகழ்வுதான் கேம் ஜாம். அதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ஃபீட்பேக் என்ற சொல்லை இப்படி விமர்சனம் என்றே தமிழாக்குகிறார்கள். திரும்பத் திரும்பப் படித்துச் சலித்துவிட்டது. இது தவறான சொல். இதை நம்பி உட்காருகிறவர் கேட்ட வேலையை விட்டுவிட்டு வேறொன்றைச் செய்கிறார்.

ஃபீட்பேக் மின்னணுவியலிலிருந்து வந்தது. ஒரு மின்சுற்றின் வெளியீட்டில் ஒரு பகுதியை அதன் உள்ளீட்டுக்கே திருப்பிக் கொடுப்பது. மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் 'கீ' என்று அலறுவதும் அதனால்தான். தமிழில் பின்னூட்டம். பள்ளி இயற்பியலில் அலையியற்றிப் பாடத்திலேயே இருக்கிற சொல். பின்னர் தமிழ் வலைப்பதிவர்கள் கமெண்ட்டுக்கும் இதையே வைத்தார்கள். அதனால் கொஞ்சம் தேய்ந்தது, சாகவில்லை.

சரி, விமர்சனம் ஏன் ஆகாது? வடமொழியில் விமர்சனம் என்றால் ஆராய்ந்து பார்த்தல். ஆனால் இன்றைய தமிழில் அதற்கு இரண்டே வேலை. ஒன்று, வெளியான படத்தைப் பார்க்கலாமா என்று டிக்கெட் வாங்கப்போகிறவருக்குச் சொல்வது. இன்னொன்று தாக்குவது: செய்தித்தாளில் ஒரு தலைவர் இன்னொருவரை 'விமர்சித்தார்' என்றால் திட்டினார் என்றே படிக்கிறோம். இரண்டிலுமே படைத்தவரிடம் எதுவும் திரும்பிப் போவதில்லை. தூய தமிழ் என்று 'திறனாய்வு' போடுகிறவர்களும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். சொல் மாறியது, திசை மாறவில்லை.

ஜாமில் திசைதான் எல்லாம். லூடம் டேர் என்ற ஜாமை எடுத்துக்கொள்வோம், 2002இல் தொடங்கியது. தனியாகவே செய்கிற பிரிவில் 48 மணி நேரம், குழுவாகவும் சேரக்கூடிய ஜாம் பிரிவில் 72 மணி நேரம். அப்புறம் செய்தவர்களே சில வாரம் ஒருவர் கேமை ஒருவர் விளையாடி மதிப்பெண் போடுவார்கள். தரவரிசையில் வர 20 பேராவது மதிப்பிட்டிருக்க வேண்டும். மதிப்பெண் அங்கே தனி, ஃபீட்பேக் தனி. தூங்காமல் செய்த அரைகுறை கேமுக்கு "கிராபிக்ஸ் சுமார், கதை இல்லை" என்று எழுதினால் அது விமர்சனம். செய்தவருக்கு அதில் ஒரு வேலையும் கிடைக்காது. "இரண்டாவது லெவலில் மேடை விளிம்பைத் தாண்டிய கணத்தில் ஸ்பேஸ் தட்டினேன், குதிக்காமல் முள்ளில் விழுந்தேன், மூன்று முறை இப்படியே" என்பது பின்னூட்டம். படித்ததும் அவருக்குப் புரிந்துவிடும்: விளிம்பை விட்ட பிறகும் சில ஃபிரேம்களுக்குக் குதிக்க அனுமதிக்க வேண்டும். கயோட்டி டைம் என்பார்கள். 2018இல் வெளியான செலஸ்ட் என்ற கேமில் இந்தச் சலுகை இருக்கிறது. அந்த கேமும் நான்கு நாள் ஜாமில் பிறந்ததுதான்.

பின்னூட்டத்தில் உள்ள 'பின்' பிறகு என்று பொருள்படுகிறதே, சாப்பாட்டுக்குப் பின் ஊட்டுவதா என்று கேட்கிறவர்கள் உண்டு. பின்வாங்கு, பின்னோக்கு என்கிறோமே, அங்கே 'பின்' திசைதான். ஊட்டம் என்ற சொல்லோ கேமை வளர்க்கிற பொருளையும் கூடவே கொண்டுவருகிறது. ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்த சொல்தான், ஆனாலும் தமிழில் நன்றாக வேர்பிடித்திருக்கிறது.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. எதிரியை அடித்தால் திரை குலுங்க வேண்டும், 'டப்' என்று சத்தம் வர வேண்டும். இதையும் கேம் செய்பவர்கள் ஃபீட்பேக் என்றே சொல்கிறார்கள். "அடித்ததும் பின்னூட்டம் போதவில்லை" என்று எழுதலாம். விமர்சனம் என்று போட்டால் வாக்கியமே செத்துவிடும். அகராதியில் முதலில் கண்ணில்பட்ட சொல்லை எடுத்து ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டாவது இடத்தில் வைத்துப் பார்ப்பதே இல்லை.

அதே அவசரம்தான் நெகட்டிவ் ஃபீட்பேக்கை 'எதிர்மறை விமர்சனம்' ஆக்குகிறது. 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பொறியாளர் ஹரால்ட் பிளாக் அதைக் கண்டுபிடித்தது தொலைபேசிப் பெருக்கியின் (ஆம்ப்ளிஃபயர்) சிதைவைக் குறைக்க. வெளியீட்டின் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளே அனுப்பினார், பிழை அடங்கியது. குதிக்க முடியாமல் முள்ளில் விழுந்ததைச் சொன்னவர் செய்ததும் அதே வேலை. அதற்கு எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர்.